உள்தாழ்ப்பாள்

சாவிக்காரம்மா மகளின் அறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிற்கிறார். உள்ளேயிருந்து 'டொக்' என்று பதில் தட்டு வருகிறது. உடனே கடைக்குத் திரும்பி, விட்ட இடத்தில் பேச்சைத் தொடர்கிறார்: "அவ இருக்கா. நீங்க சொல்லுங்க சார், எந்தப் பூட்டு?"

வீட்டின் முன்னறைதான் கடை. சாவி வெட்டும் மெஷின், சுவர் நிறைய வெட்டாத சாவிகள், பித்தளைத் தூள் படிந்த மேலங்கி. யார் வந்து ஒரு சாவி கேட்டாலும் இரண்டாகத்தான் தருவார். "ஒண்ணு தொலைக்கிறதுக்கு, ஒண்ணு திறக்கிறதுக்கு" என்பார்.

ஊர்ப் பூட்டையெல்லாம் சரிசெய்பவர் வீட்டில் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மாடியில் குடியிருக்கும் எனக்கும் அதே குளியலறைதான். முதல் தடவை நான் தயங்கி நின்றபோது, "உள்ள போயி பாடிக்கிட்டே இருங்க, யாரும் வரமாட்டாங்க" என்றார். என் பாட்டு எனக்கே ஆகாது, இருமியே ஒப்பேற்றினேன். ஆனால் கத்தி வைக்கும் இழுப்பறைக்கும் மருந்துப் பெட்டிக்கும் உறுதியான பூட்டு. இதென்ன தலைகீழ் வீடு? மாடியில் குடியிருப்பவனுக்கு எதற்கு இந்த வம்பு என்று வாயை அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை, கேட்டேவிட்டேன்.

மகளுக்குப் பதினாறு வயது. ஆட்டிசம் உள்ள பெண். போன மழைக்காலத்தில் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள், செத்துப்போகணும்னு தோணுது என்று மணி சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறாள். "மத்த பிள்ளைங்க கோவத்துல ஆயிரம் சொல்லும். இவளுக்குப் பேச்சுக்குச் சொல்ற பழக்கமே இல்ல சார். சொன்னா சொன்னதுதான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல." சில வாரம் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், உள்ளே பூட்டிக்கொள்ள முடியாதபடி பார்த்துக்கொள்ளச் சொன்னார். இவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, வீட்டில் இருந்த அத்தனை தாழ்ப்பாளையும் கழற்றிப் போட்டார்.

அதற்குப் பிறகு மகள் தன் அறையில் இருக்கவே இல்லை. துணி அலமாரிக்குள் நுழைந்து, கதவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்து இரைச்சலைத் தாங்கிக்கொண்டு வருகிறவள், தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் மூச்சே விடுகிறாள் என்பது அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "எத்தனை வருஷமா இதே தொழில். என் பொண்ணு எதுக்குக் கதவைச் சாத்துறான்னு தெரியல பாருங்க" என்றார்.

மகள் கொஞ்சம் தேறியதும், டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஒரு தாழ்ப்பாளை அவரே செய்து மாட்டினார். உள்ளே போட்டுக்கொள்ளலாம், வெளியேயிருந்து சாவியால் திறக்கலாம். மகளிடம் எதையும் ஒளிக்கவில்லை. "நான் தட்டுவேன். நீ திருப்பித் தட்டினா உள்ள வரமாட்டேன். தட்டலன்னா திறப்பேன்."

மகள் யோசித்துவிட்டு, "தூங்கிட்டிருந்தா?" என்றாளாம்.

"எழுப்பிட்டு ஸாரி சொல்றேன்."

அந்தக் கதவுக்கு மட்டும் ஒரே சாவி. இன்னொன்று எங்கேயோ இருக்கிறது என்றால் அவளுக்குத் தூக்கம் வராது. கயிற்றில் கோத்து அம்மா கழுத்தில் போட்டிருக்கிறார்.

சரிசெய்யக் கொடுத்திருந்த என் பூட்டை வாங்க நேற்று போனேன். சாவியைச் சோதித்துக்கொண்டே பேசியவரின் கை சும்மா கழுத்துக்குப் போனது. கயிறு இல்லை. மேசையைத் துழாவினார், மேலங்கிப் பையைக் கவிழ்த்தார். முகம் வெளுத்துவிட்டது. மகள் அறை உள்ளே தாழிட்டிருந்தது. ஓடிப்போய்த் தட்டினார். பதில் இல்லை. "கண்ணு..." இன்னும் பலமாகத் தட்டினார். பதில் இல்லை. ஓடிவந்து ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். நான் மரம் மாதிரி நின்றேன்.

தாழ்ப்பாள் விலகியது. பெரிய ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து நகர்த்தியபடி மகள் நின்றாள்.

"கதவு அதிருது. என்ன?"

அம்மா கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"பாத்ரூம்ல விட்டுட்ட. ஆள் வந்திருக்கும்போது நடுவுல வரக்கூடாதுன்னு சொல்லியிருக்க. அதான் வெச்சிருந்தேன்." என்னைப் பார்க்காமலே என் பக்கம் கையைக் காட்டினாள். பிறகு பையிலிருந்து கயிற்றை எடுத்தாள். "இது உன்கிட்டதான் இருக்கணும்."

அம்மா தலையைக் குனிந்தார். யாரையும் தொடப் பிடிக்காத அந்தப் பெண், விரல் படாமல் கயிற்றை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.