முதுகிலிருந்த வெள்ளைக் கோடு

பிறந்ததிலிருந்தே என் முதுகில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. நடு முதுகில் கிளம்பி வளைந்து இடது விலாவில் முடியும். என் கண்ணில் படாத இடம் என்பதால் நான் அதைப் பொருட்படுத்தியதில்லை. அதை நன்றாக அறிந்தவள் என் மனைவி மட்டும்தான்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் நான் மெஷின்மேன். எங்கள் பக்கம் தோலில் தடிப்பு வந்தால் டாக்டரிடம் போவதற்கு முன்பே காரணம் தயாராக இருக்கும். பட்டாசு வேலை என்றால் வெடிமருந்து, அச்சு வேலை என்றால் மை. எனக்கு முதுகு சிவந்து செதில் உதிர்ந்தபோது நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். முதலாளியிடம் கெஞ்சி, ஆசையாகப் பார்த்த மெஷின் வேலையை விட்டு பைண்டிங்குக்கு மாறினேன். மூன்று காலண்டர் சீசன் போயிற்று. தடிப்பு போகவில்லை.

"செவப்பு அந்த வெள்ளைக் கோட்டு மேலயேதான் ஓடுது. டாக்டர்ட்ட காட்டுங்க" என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"மையப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?" என்று அவள் வாயை அடைத்தேன். பெரிய மேதாவி நான்.

கடைசியில் மதுரைக்குப் போனோம். துளித் தோலை எடுத்துச் சோதித்த டாக்டர், தோலில் வரும் லிம்போமா, ஒரு வகைப் புற்றுநோய் என்றார். கருவில் ஏதோ ஒரு செல் மாறிப்போய், அதிலிருந்து பெருகியவை மட்டும் அந்த வெள்ளைக் கோடாகப் படர்ந்திருக்கின்றன, உடம்பின் மற்ற செல்கள் வேறு என்று விளக்கினார். அச்சுப் பிளேட்டில் விழுந்த கீறல் எல்லாத் தாளிலும் விழுகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். நோய் ஏன் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டது என்று அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை.

"கோட்டத் தாண்டிப் பரவினா உடனே சொல்லுங்க" என்றார்.

வாரம் இருமுறை ஒளிச் சிகிச்சை. தினமும் காலையில் சட்டையைக் கழற்றி மனைவியிடம் முதுகைக் காட்டுவேன். எனக்குப் பயமாக இருந்தது.

"தாண்டிருச்சா?"

"இல்லங்க. சட்டையப் போடுங்க."

இரண்டு மாதம் கழித்து டாக்டர் முதுகைப் பார்த்துவிட்டு, தோள்பட்டைப் பக்கம் கோட்டைத் தாண்டியிருக்கிறது, மருந்தை மாற்றலாம் என்றார். "எப்பத் தாண்டிச்சு?" என்றேன்.

"ஒங்க வீட்டம்மா பத்து நாளைக்கு முன்னாலயே போன்ல சொல்லிட்டாங்களே!" என்றார்.

பக்கத்தில் மனைவி பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அன்று காலையிலும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலையில் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினேன். எதுவும் கேட்கவில்லை.