ஸ்வெட்டர் போர்த்திய லெப்டொப்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள் அவை. வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞான ஆசிரியர். அவளுக்கு அதே தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைப்பிள்ளைகளை மாலைவரை பார்த்துக்கொள்ள வேண்டும். இருபது பிள்ளைகளையும் ஒரே பாட்டில் தூங்க வைத்துவிடுவாள். நான் என் வகுப்பைக் கத்தித்தான் அடக்குவேன். அந்தப் பொறாமை எனக்கு உண்டு.

அவளுக்குத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. ஒப்பரேஷன் செய்தே ஆகவேண்டும், ஆனால் குரல் பழையபடி இருக்குமென்று உறுதி சொல்ல முடியாது என்றார் கண்டி டாக்டர். அடுத்த மாதத்துக்கு நாள் குறித்தார்கள். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் சொன்னாள்.

"ஏங்க, என் பாட்டையெல்லாம் புடிச்சு வச்சிருங்க. என் கொரல் போனாலும் புள்ளைங்க தூங்கணும்ல."

வீட்டிலிருந்த பெரிய கம்ப்யூட்டரில் மைக்கைச் செருகிப் பதிந்தேன். போட்டுக் கேட்டால் பாட்டுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். பெட்டிக்குள் ஓடும் விசிறி! அவள் பாடுவதோ பிள்ளையின் காதோரம் பாடுகிற பாட்டு. சத்தத்தைக் கூட்டினால் விசிறியும் சேர்ந்து கூடியது. முன்னறைத் தகரக் கூரையில் மழைச் சத்தம் வேறு. உள்ளறைக்குத் தூக்கிப்போகலாமென்றால் அந்தப் பூதத்தை யார் தூக்குவது? ஆத்திரத்தில் பெட்டியை ஓங்கித் தட்டினேன்.

"அது என்ன ஒங்க வகுப்புப் புள்ளைங்களா, மெரட்டுனா அடங்குறதுக்கு?" என்றாள்.

சத்தம் போடாத லெப்டொப் ஒன்று வாங்குவதென்று முடிவானது. அவளுடைய அண்ணன் தானும் வருவதாகச் சொன்னார். மச்சான் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். கொழுந்து வாட்டும் ராட்சத விசிறிகளோடு காலம் தள்ளுகிறவர். கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. "விசிறிதானே மாப்புள பிரச்சினை? அப்ப நான் வாரேன்" என்றார். இவருக்கு இதில் என்ன தெரியுமென்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் ஹட்டனுக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் மெல்லிசாக, பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்து, ஒரு சினிமாப் பாட்டை அலறவிட்டார்.

"பாட்ட நிப்பாட்டுங்க தம்பி," என்ற மச்சான், குனிந்து அதன் பக்கவாட்டில் காதை வைத்தார். நானும் வைத்தேன். மூச்சுப் பேச்சில்லை. "இதையே எடுத்துருவோம்" என்றேன்.

"அவசரப்படாதீங்க மாப்புள. குளிர்ல எந்த மெஷினும் சாதுவாத்தான் இருக்கும். சூடேறட்டும், அப்பத் தெரியும் அதோட கொணம்."

சொல்லிக்கொண்டே தன் ஸ்வெட்டரைக் கழற்றி, அந்த லெப்டொப்பைப் பிள்ளைக்குப் போர்த்துவதுபோலப் போர்த்திவிட்டார். கடைக்காரர் பதறிப்போனார். "ஐயோ அண்ணே, என்னா வேலை செய்றீங்க!"

"ஒன்னும் ஆகாது தம்பி. பத்து நிமிசம் பொறுங்க."

கடையிலிருந்த அத்தனை பேரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. ஆனால் பத்து நிமிடம் ஆகவில்லை, அந்தப் பளபளப்பு உய்யென்று ஊதத் தொடங்கியது. அடுத்ததற்கும் ஸ்வெட்டர். அது இன்னும் மோசம். மூன்றாவதாக, கீழ்த்தட்டில் கிடந்த, யாரோ பாவித்து விற்ற தடித்த ஒன்றைத் தானே எடுத்து வைத்தார். மூடியெல்லாம் கீறல். போர்த்தி, காத்திருந்து, விரல் நுனிகளை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓடுது. ஆனா கேக்குதா?"

எனக்குக் கேட்கவில்லை.

"இதோட விசிறி பெருசு, மெதுவாச் சுத்துது. சின்ன விசிறிதான் தலதெறிக்க ஓடும். அதுதான் கத்தும்."

விஞ்ஞானம் படிப்பிப்பவன் நான். எனக்கு இது தோன்றவில்லையே! அந்த இடத்திலேயே மச்சானைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது. மனுசன் மனுசன்தான்.

ஞாயிற்றுக்கிழமை உள்ளறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, கட்டில்மேல் லெப்டொப்பை வைத்துப் பதிந்தோம். பத்துப் பாட்டு. கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. அவள் மூச்செடுப்பதுகூடத் துல்லியமாகக் கேட்டது. அந்தத் துல்லியத்தில் வேறொன்றும் பதிவாகியிருந்தது. பாட்டுக்குப் பாட்டு அவள் என்னைத் திட்டியது. "ஏங்க, அந்தக் கதவச் சாத்துங்க." "என்னா மொறைக்கிறீங்க? நீங்க மொறைச்சா எனக்குப் பாட்டு வருமா?" "இந்தாங்க, தண்ணி கேட்டு எவ்வளவு நேரம்?" இரண்டு நாள் உட்கார்ந்து அதையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தேன். சுத்தமான பத்துப் பாட்டை சீடியில் ஏற்றியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒப்பரேஷன் முடிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. குரல்தான் போய்விட்டது. மிஞ்சியது கரகரவென்று நாலு சொல்லுக்கு ஒருமுறை அறுந்துபோகிற காற்று. பிள்ளைக்காம்பராவில் சீடியைப் போட்டார்கள். பிள்ளைகள் பாட்டைக் கேட்டு அழகாகத் தூங்கினார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுத்தாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு மாலை, அவள் பழைய குரலில் என்னை "ஏங்க" என்று கூப்பிடுவதைக் கேட்க வேண்டும்போல ஆசை வந்தது. லெப்டொப்பைத் திறந்து தேடினேன். பாட்டு பத்தும் இருந்தது. பாட்டெல்லாம் பிள்ளைகளுக்கு. எனக்கென்று அவள் பேசியதை நானே வெட்டி அழித்திருக்கிறேன், மூலப் பதிவையும் விட்டுவைக்காமல். பாவி நான்! தலையில் கைவைத்து அழுதுவிட்டேன்.

அவள் வந்து, என்னவென்று கண்ணால் கேட்டாள். சொன்னேன். சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு, ஒவ்வொரு சொல்லாய் நிறுத்தி நிறுத்தி, அந்தக் கரகரத்த காற்றில் சொன்னாள்.

"அழிச்சா அழிச்சிட்டுப் போங்க. புதுசாத் திட்டுறேன். மொதல்ல எந்திரிச்சு மூஞ்சக் கழுவிட்டு வாங்க."