மூலையில் நிறுத்திய ராஜா

புளியங்குடி மாரியப்பன் காலையில் போனில் கூப்பிட்டு, "அம்மா, ஞானராஜ் அண்ணாச்சிக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்காம்" என்றார்.

"எப்ப இறந்தாரு?" என்று கேட்டேன்.

 "விடியக்காலம்மா. ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவள். ட்ரங்க் கால் இருந்த காலத்தில் சங்கரன்கோவிலிலிருந்து பம்பாய்க்கும் மதராசுக்கும் போன துக்கச் செய்திகளில் பாதி என் கை வழியாகப் போயிருக்கும். இறந்துவிட்டார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சீரியஸ், உடனே கிளம்பி வா என்பார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எதிர்முனை கேட்டால் குரல் குழறும். என் கணவர் வேலை பார்த்த இடத்தில் மயங்கி விழுந்தபோது என்னையும் அப்படித்தான் காரில் ஏற்றி வந்தார்கள். லேசான மயக்கம்தான் என்று வழி நெடுகச் சொன்னவர்கள், எங்கள் தெரு முனையில் பந்தல்காரர் கம்பு இறக்கிக்கொண்டிருந்ததை மறைக்க மறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த மாதிரிப் பேச்சை நான் பொறுப்பதில்லை. ஆகவே ஞானராஜ் போன அன்று நம் ஆட்டக் குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டு, ஞானராஜ் இறந்துவிட்டார் என்று நேராகச் சொன்னேன். சிலருக்கு அது கடுமையாகப் பட்டிருக்கலாம். அவரைப் பற்றி எழுதும்படி நீங்கள் என்னையே கேட்டதால், இதையும் அதே முறையில்தான் எழுத முடியும்.

நம்மில் பலர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. நாம் போனில் ஆடும் ஆட்டத்தில் 'மாத்திரை' என்ற பெயரில் வருபவராகத்தான் தெரியும். தேரடிக்குப் பக்கத்தில் மெடிக்கல் ஸ்டோர் வைத்திருந்தார். நான் முதன்முதலில் அவர் கடைக்குப் போனபோது, என் மருந்துச் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீட்டப் பாக்காம போனப் பாக்குறவர் கையால மாத்திரை வாங்க எனக்கு இஷ்டமில்ல" என்றேன்.

அவர் தலையைத் தூக்காமலே, "சீட்டப் பாத்துட்டேம்மா. இப்ப எழுதியிருக்கது நீங்க காலம்பற சாப்பிடுத மாத்திரையோட சேராது. டாக்டருக்குப் போன் போட்டேன், எடுக்கல. அவர் திருப்பிக் கூப்பிடுத வரைக்கும் ஒரு ஆட்டம்" என்றார்.

எட்டிப் பார்த்தேன். நான் ஆடும் ஆட்டமேதான். "ஒங்க வில்லாளியெல்லாம் முன்வரிசையில நிக்காங்க" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தார். "நீங்களும் வெளையாடுவீங்களா?"

"ஒங்களவிட நல்லா."

என் கணவரும் நானும் மாலையில் சீட்டாடுவோம். அவர் போன பிறகு கையில் சீட்டு இருந்தது, எதிரில் ஆள் இல்லை. போனில் இருந்த இந்த ஆட்டம் அப்படித்தான் எனக்கு வந்து சேர்ந்தது. ஞானராஜ் அன்றைக்கே என்னை நம் குழுவில் சேர்த்துவிட்டார். மத்தியானம் கடை ஓய்ந்திருக்கும் நேரம், நாம் போனில் பேசிக்கொண்டே ஆடும் நேரமானது அவரால்தான்.

அவர் வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டம் போட்ட ஒரு களம். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் சில வீரர்கள் கிடைப்பார்கள். யாரை எடுப்பது, எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பது மட்டுமே நம் வேலை. சண்டை தொடங்கிய பிறகு கையை எடுத்துவிட வேண்டும். அவர்கள் தாமாகச் சண்டையிடுவார்கள், தாமாக விழுவார்கள். நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு குணம் உண்டு. ஒரே குணமுள்ளவர்களைச் சேர்த்து நிறுத்தினால் அந்தக் குணம் வேலை செய்யத் தொடங்கும்.

இந்த சீசனில் புதிதாக ஒரு குணத்தைக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தில் அதற்கு வேறு பெயர். நாம் வாரிசு என்றோம். அந்தக் குணமுள்ளவன் விழும்போது, தன்னிடம் மிச்சமிருக்கும் சக்தி முழுவதையும் பக்கத்துக் கட்டத்தில் நிற்பவனுக்குக் கொடுத்துவிட்டு விழுவான். அந்தக் குணத்தில் மிகப் பெரியவன் ராஜா. எல்லோரும் செய்ததையே நம் குழுவும் செய்தது. ராஜாவைப் பின்வரிசை மூலையில் நிறுத்தி, சுற்றிலும் காவல் போட்டோம். தொடர்ந்து தோற்றோம்.

ராஜாவை முன்னால் நிறுத்துவோம் என்று ஒரு நாள் ஞானராஜ் சொன்னதும் மாரியப்பன் மிகவும் வருத்தப்பட்டார். "ராசாவே போயிட்டா அப்புறம் எவன் இருந்து என்ன அண்ணாச்சி?"

"எல்லாரும் போனப்பொறவு ராசா தனியா நின்னு என்ன செய்வான் வே? ஒங்கூட எலுமிச்சங்கா பொறுக்குவானா?" என்றார் ஞானராஜ். மாரியப்பன் எலுமிச்சை மார்க்கெட்டில் தரகர் என்பதால் எல்லோரும் சிரித்தோம். பிறகு ஞானராஜ் பொறுமையாகச் சொன்னார். ராஜா சண்டையிடும் ஒவ்வொரு நொடியும் அவனுடைய சக்தி செலவாகிறது. கடைசிவரை நிற்பவன் கடைசியில் வெறுங்கையாக விழுவான். அவன் விழும்போது வாங்கிக்கொள்ளப் பக்கத்திலும் ஆள் இருக்காது. "விழப் போறவன் நெறஞ்சிருக்கும்போதே விழணும். பக்கத்துல ஆளு நிக்கணும். தள்ளி நின்னா சக்தி கெடைக்காது."

ராஜாவை முன்வரிசை நடுவில் நிறுத்தினார். அவன் பக்கத்தில், யாரும் சீண்டாத ஒரு சின்ன வில்லாளிப் பெண்ணை வைத்தார். முட்டாள்தனம் என்று நான் சொன்னேன். எழுத்திலும் பதிவு செய்தேன். ராஜா சண்டை தொடங்கியதுமே விழுந்தான். அடுத்த கணம் அந்தப் பெண் எழுந்து நின்ற நிற்பை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். எதிரியின் வரிசையில் ஒருவன் மிஞ்சவில்லை. என் வார்த்தையை நான் திரும்பப் பெற்றுக்கொண்டபோது அவர், "இருக்கட்டும்மா, சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டாத்தான் ஆட்டம் செல்லும்" என்றார். இந்த சீசனில் நாம் மேலே போனது முழுக்க அந்த அமைப்பால்தான்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் அவருக்கு வயிற்று வலி வந்தது. திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தார்கள். அவர் மனைவி செல்வியும் ஞானராஜின் அண்ணனும் டாக்டரிடம் தனியாகப் பேசினார்கள். வெளியே வந்து, வயிற்றில் புண், மாத்திரையில் சரியாகிவிடும் என்று அவரிடம் சொன்னார்கள். நம் ஊரில் இது வழக்கம். வியாதியின் பெயரை வியாதிக்காரரிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஆனால் அந்தச் சீட்டுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அவர்தான்.

"புண்ணுக்கு இந்த மாத்திரை கெடையாதும்மா" என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னிடம் சொன்னார். மழைக்கால இருமலுக்கு மருந்து எடுத்துத் தருபவரின் குரல்தான். "எத்தன பேருக்கு நானே கவர்ல போட்டுக் குடுத்திருக்கேன். செல்விக்குத் தெரியும். எனக்குத் தெரியும்ங்கது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா அப்படியே உக்காந்துருவா."

செல்வியும் அவரும் ஒரே கல்லூரியில் மருந்தியல் படித்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு செல்வி வீட்டோடு இருந்துவிட்டார். படித்தவர் ஒருவர் பொறுப்பில் இல்லாமல் மெடிக்கல் ஸ்டோர் நடத்த முடியாது. செல்வி தன் மருந்தாளுநர் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு, சில மாதம் அவர் பக்கத்தில் நின்று பழகினால் கடை அவருக்கு நிற்கும். இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்தக் கடையைத் தவிர அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. செல்வியைக் கடைக்கு வரச் சொல்ல வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், தனக்குத் தெரியும் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

"இன்னைக்கே சொல்லிருங்க" என்றேன்.

"தபசுக் கூட்டம் முடியட்டும்மா. சொல்லுதேன்."

தபசு முடிந்தது. பிள்ளைகளுக்குக் காலாண்டுப் பரீட்சை முடியட்டும் என்றார். அதுவும் முடிந்தது. கிறிஸ்துமஸ் கழியட்டும், பண்டிகை நாளில் அவள் அழக்கூடாது என்றார். அதற்குள் சட்டை அவர் தோளில் தொங்கத் தொடங்கிவிட்டது. கடைக்கு வருவது வாரத்தில் பாதி நாளாகக் குறைந்தது. ஒரு நாள் நான் பொறுமையிழந்து, "நெறஞ்சிருக்கும்போதே விழணும்னு மாரியப்பனுக்குச் சொன்னது யாரு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "கட்டத்துல நிக்குத ராசாவுக்குப் பொண்டாட்டி கெடையாதும்மா" என்றார்.

நான் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தடுத்தார். "ஒங்க வாயால அவ கேக்கக்கூடாது. நாந்தான் சொல்லணும். சொல்லுதேன்." நான் வாக்குக் கொடுத்தேன். காதில் விழுந்ததை வாயில் விடக்கூடாது என்பது ஆபரேட்டருக்கு முதல் பாடம். பணிக்காலம் முழுவதும் அதைக் காத்தவள் நான். ஒரு முறைகூட அது இப்படிக் கசந்ததில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். செல்வி எனக்கு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, "புண்ணு ஆறிக்கிட்டு வருதுன்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா" என்றார். அவர் கட்டிலில் படுத்தபடியே, "ஆமா. நேத்தைக்கு இன்னைக்கு வலி கொறவுதான்" என்றார். சொல்லும்போது அவர் கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன. செல்வி அந்தக் கையைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரையொருவர் காப்பாற்றுவதில் இருவரும் அத்தனை கவனமாக இருந்தார்கள். நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். 

அவருடைய கடைசி ஆட்டம் நம்மில் சிலருக்கு நினைவிருக்கும். படுத்தபடியே ஆடினார். வீரர்களை நிறுத்தி முடித்ததும் மாரியப்பன்தான் முதலில் கவனித்தார்.

"அண்ணாச்சி, ராசா பின்னால மூலையில நிக்கான். கை தவறிப்போச்சா?"

"நிக்கட்டும் வே" என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

 சண்டை தொடங்கியது. முன்வரிசை விழுந்தது. காவலுக்கு நின்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக விழுந்தார்கள். அந்த வில்லாளிப் பெண் வேறொரு ஓரத்தில் நின்றாள், அவளும் விழுந்தாள். ராஜா தனியாக நெடுநேரம் நின்றான். அவன் தலைக்கு மேலே சக்தியைக் காட்டும் நீலக்கோடு குறைந்து குறைந்து இல்லாமல் போனது. பிறகு விழுந்தான். சுற்றிலும் காலிக் கட்டங்கள். தோற்றுவிட்டோம் என்று திரை சொன்னது. மாரியப்பன், "பரவாயில்ல அண்ணாச்சி, நாளைக்குப் பாப்போம்" என்றார். 

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துச் செல்வியைப் பார்க்கப் போனேன். என் வாக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பேச்சைத் தொடங்கினேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"அவுகளுக்குத் தெரியும்னு எனக்கு மொதல்லயே தெரியும்மா. அந்த மாத்திரைய அவுக கையாலதான எடுத்தாவுக. நானும் அதைப் படிச்சவதான. நான் தெரியாத மாதிரி இருந்தாத்தான் அவுகளுக்குத் தெம்புன்னு இருந்துட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடையப் பத்திக் கேக்கணும்னு வாய் வரைக்கும் வரும். எந்தக் கம்பெனி ஆள நம்பலாம், எந்த டாக்டர் எழுத்து எப்படி, எதுக்கு மாத்தா எதக் குடுக்கலாம். ஒண்ணாவது கேட்டா, ஏன் கேக்கேன்னு தெரிஞ்சிரும்லா. அதான் கேக்கல. ஒண்ணுமே கேக்கலம்மா."

கடையின் ஷட்டர் இறங்கியே இருக்கிறது. வேறு ஒருவர் எடுக்கப் போவதாகப் பேச்சு. செல்வி துணிக்கடையில் வேலைக்குக் கேட்டிருக்கிறார். இதைவிட நல்ல செய்தி என்னிடம் இல்லை. இருந்தால் எழுதியிருப்பேன்.

அடுத்த அப்டேட்டில் வாரிசு என்ற குணத்தை எடுத்துவிடப் போகிறார்களாம். அவர் யோசித்துக் கண்டுபிடித்த அமைப்பு அன்றோடு ஒன்றுக்கும் உதவாது. மாரியப்பன் அதற்காக வருந்துகிறார். நான் வருந்தவில்லை. என்னிடம் தங்கப்போவது அந்த அமைப்பு அல்ல.

என் இதய வால்வு ஒன்று சரியில்லை என்று டாக்டர் சொல்லி நாளாகிறது. பெங்களூரில் இருக்கும் என் மகளிடம், எல்லாம் நார்மல் என்று சொல்லிவந்தேன். செல்வியைப் பார்த்துவிட்டு வந்த அன்று மத்தியானம், நாம் வழக்கமாக ஆடும் நேரத்தில், அவளைக் கூப்பிட்டேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"ஏம்மா இப்ப போய் இதெல்லாம் சொல்லுத? நல்லாத்தான இருக்க?"

"நல்லா இருக்கேன். அதான் சொல்லுதேன். கேக்க வேண்டியத நீ கேளு."

லைனில் சத்தமே இல்லை. இணைப்பு இருக்கும்வரை காத்திருப்பது எனக்குப் பழக்கம். காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"ஆபரேஷன் வேண்டாம்னு டாக்டர் சொன்னாரா, நீயா சொன்னியா?"

"நாந்தான்" என்றேன்.

அவள் அழுதாள். அழுதுகொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டாள். செல்வி ஒன்றுகூடக் கேட்க முடியாமல் போன இடத்தில் என் மகள் கேட்ட அந்த இரண்டாவது கேள்விதான், ஞானராஜிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.