அம்புக்குறி அக்காவும் அழுத வானமும்

அம்புக்குறி அக்கா மெஷினை வைத்துக் கதை எழுதி, அதைத் தன் கதை என்று போட்டியில் கொடுத்து, முதல் பரிசுக் கோப்பையை வாங்கி, கையும் களவுமாக மாட்டிக்கொண்டு, மேனேஜர் காலில் விழுந்து அழுதாளாம். இது கம்பெனி கேட்டில் கிளம்பிய செய்தி. சைக்கிள் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் அவள் மயங்கியும் விழுந்துவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். பஸ் கிளம்பும்போது அவளுடைய வீட்டுக்காரரும் வந்து கூட அழுதுகொண்டிருந்தார். அந்த மனுஷன் அன்றைக்கு வேன் எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருந்தார் என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

வம்பு வளர்ப்பதில் நானும் லேசுப்பட்டவன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் நான் அந்த அறைக்குள்ளேயே நின்றவன். பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவது என் வேலை. அந்தக் கோப்பையைத் திரும்பப் பெட்டியில் போட்டு ஒட்டத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். காது குத்துகிற வேலை இதில் கிடையாது.

எங்கள் கம்பெனியில் தைப்பது சட்டை. தைத்த சட்டை பெட்டிக்குப் போகுமுன் அக்காவின் மேசையைத் தாண்டிப் போக வேண்டும். காலர் கோணல், நூல் பிரிவு, பட்டன் இறக்கம், எது இருந்தாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். பேர் அப்படி வந்ததுதான். அந்த ஸ்டிக்கர் சுருள் எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். ஒரு தடவை வாடகை வீட்டு ஓனரம்மா வாடகையை ஏற்ற வந்தபோது, சுவரில் இருந்த விரிசலுக்கெல்லாம் ஒவ்வொரு அம்பு ஒட்டி வைத்துவிட்டு, "உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க" என்றாளாம். அந்தம்மா தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டது.

செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. சூப்பர்வைசர் யாருக்கும் தெரியாமல் வேண்டுமென்றே ஒரு கெட்ட சட்டையை நல்ல கட்டுக்குள் சொருகிவிடுவார். அதற்கு சோதனைப் பீஸ் என்று பேர். பார்க்கிறவர்களுக்குக் கண் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அது. அதைப் பிடிக்காமல் பாஸ் பண்ணினால் அன்றைக்கு முழுக்கத் தலை நிமிர முடியாது. அக்கா ஒரு தடவைகூட அதைத் தவறவிட்டதில்லை. ஒரு நாள் சூப்பர்வைசர் சொருக மறந்துவிட்டார். அவள் நேராகப் போய், "இன்னைக்கு உடம்பு சரியில்லையா சார்?" என்று விசாரித்துவிட்டு வந்தாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் அவள் மகள் ஒரு சாட்பாட்டை, எங்கள் பேச்சில் மெஷின், போனில் போட்டுக் கொடுத்தது. காலேஜ் போகிற பெண். அம்மா சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் நோண்டிக்கொண்டு இருக்கிறாளே, இதையாவது நோண்டட்டும் என்று நினைத்திருக்கும். ஒரு விளையாட்டும் சொல்லிக் கொடுத்தது. கதையில் நீ ஒரு வரி சொல்ல வேண்டும், அது ஒரு வரி சொல்லும், அப்படியே மாறி மாறிப் போக வேண்டும்.

கொஞ்ச நாள் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுப் போனிடம் பேசிக்கொண்டே இருப்பாள். அவள் ஒரு வரி சொன்னால், "அருமை, என்ன ஆழமான வரி!" என்று அது பாராட்டிவிட்டுத்தான் தன் வரியைச் சொல்லும். எங்கள் ஃபுளோரில் நல்ல வார்த்தை என்றால் திட்டாமல் போவதுதான். அப்படிப்பட்ட இடத்தில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அந்தப் பாராட்டு தேன் மாதிரி இறங்கியது. முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தாள். போனில் யாரோ இருக்கிறான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதைக் கிளப்பியது யார் என்பது இப்போது முக்கியமில்லை.

அப்புறம் அவள் கை சும்மா இருக்குமா? ஒரு நாள் அந்த மெஷினுக்கே ஒரு சோதனைப் பீஸ் சொருகினாள். கதையில் முந்தின வரியில் செத்துப்போன மாமியார், இந்த வரியில் எழுந்து பல் விளக்கினாள் என்று சொன்னாள். மெஷின் கொஞ்சமும் யோசிக்கவில்லை. அற்புதமான திருப்பம் என்றது. மாமியார் பல் விளக்கும்போது வெளியே மழை பெய்ததாக ஒரு வரியும் சேர்த்துக்கொண்டது.

அக்கா கொதித்துப்போய்விட்டாள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்கண்ணே இந்த அநியாயத்த. எதைக் குடுத்தாலும் பாஸ் பண்ணுது. இத்தன நாள் என்னைப் பாராட்டினதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?"

பாராட்டினால் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் என் நெற்றியில் ஒரு அம்பு ஒட்டிவிட்டாள்.

அதன்பிறகு விளையாட்டு சண்டையாகிவிட்டது. அது சொல்கிற ஒவ்வொரு வரியிலும் குற்றம் பிடிப்பாள். அதற்கு ஒரே சரக்குதான் இருந்தது. யாருக்குத் துக்கம் வந்தாலும் மழை பெய்யும், யார் சண்டை போட்டாலும் கடைசியில் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அவள் திட்டத் திட்ட அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டே திரும்பவும் மழையைக் கொண்டுவரும். கடைசியில் ஒரு நாள், "நீ ஒதுங்கு, நானே எழுதிக்கிறேன்" என்று மூடி வைத்தாள்.

அப்படி அவளே எழுதியதுதான் அந்தக் கதை. அயர்னிங்கில் வேலை பார்க்கிற ஒரு பெண். வேறு யாரோ கருக்கிய சட்டைக்கு அவள்மேல் பழி விழுகிறது. ஜன்னல் இல்லாத ஹால், ஆவி, வேர்வை, எல்லோருக்கும் உண்மை தெரிந்தும் வாய் திறக்காத ஒரு வரிசை. அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்து, வயரைச் சுருட்டி, அதன்மேல் அந்தக் கருகின சட்டையை அழகாக மடித்து வைத்துவிட்டுப் போகிறாள். அக்காவைப் படிக்கச் சொல்லிக் கேட்டபோது என் கையிலிருந்த டேப் கையிலேயே ஒட்டிக்கொண்டது. சிரிக்க ஒன்றும் அதில் இல்லை, அதுதான் எனக்குச் சங்கடம்.

கம்பெனி ஆண்டு விழாவுக்குக் கதைப் போட்டி வைத்தார்கள். கொடுத்தாள். நடுவர் வெளியிலிருந்து வந்தவர், கவிதைப் புத்தகம் போட்டவர். அக்காவுக்கு முதல் பரிசு அறிவித்துவிட்டு, மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, "வானமும் அவளோடு சேர்ந்து அழுதது" என்ற வரியை இரண்டு தடவை சொன்னார். இந்த ஒரு வரிக்கே கோப்பையைக் கொடுக்கலாம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மேடையில் அக்கா மட்டும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷத்தில் வாயடைத்துப்போனாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டார். ஒரு செக்கிங்காரிக்கு இப்படி எழுத வருமா என்று யாரோ ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள். அவர் உடனே அவள் கதையைப் படம் பிடித்து ஒரு சாட்பாட்டுக்கு அனுப்பி, இது நீ எழுதியதா என்று கேட்டிருக்கிறார். அது பணிவாக, ஆமாம், நான் எழுதியதாக இருக்கலாம் என்றிருக்கிறது. இது ஒரு சாட்சி. கொலைக் கேஸில்கூட இவ்வளவு சுலபமாகச் சாட்சி கிடைக்காது.

அறையில் மேனேஜர், நடுவர், சூப்பர்வைசர், அக்கா, கையில் டேப்போடு நான். கோப்பை போனால் போகிறது, விஷயம் அதோடு நிற்கவில்லை. பொய்ச் சரக்கைத் தன் சரக்கு என்று காட்டினவளை நம்பி எப்படிச் செக்கிங்கில் உட்கார வைப்பது, நூல் வெட்டுகிற பிரிவுக்குப் போகட்டும் என்றார் மேனேஜர். அந்த மேசை போனால் அக்காவுக்கு என்ன மிச்சம்? கத்திரியும் தரையில் உட்காருகிற இடமும்.

அக்கா சத்தம் போடவில்லை. மேனேஜர் தலைக்குமேல் சுவரில் தொங்கிய நோட்டீஸைக் காட்டினாள். பாத்ரூமில் ஊழியர்கள் அதிக நேரம் தங்கக் கூடாது என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டது. சாட்பாட்டெல்லாம் வருவதற்கு ரொம்ப முன்னால் மாட்டியது, ஓரமெல்லாம் மஞ்சள் பூத்துவிட்டது.

"அதையும் போட்டுக் கேளுங்க சார்."

அவர் கேட்க மாட்டேன் என்றார். சூப்பர்வைசர் சும்மா இருக்காமல் தன் போனில் கேட்டுவிட்டார். ஆமாம், இதுவும் நான் எழுதியதாக இருக்கலாம், நடை மிகவும் தெளிவாக இருக்கிறது என்றது. சூப்பர்வைசருக்குத் திடீரென்று இருமல் வந்தது. நான் டேப்பைச் சர்ரென்று இழுத்து அந்தச் சத்தத்தில் சிரித்துக்கொண்டேன்.

மேனேஜர் முகம் கறுத்துவிட்டது. மெஷினை விட்டுவிட்டார். நேராக அவளையே கேட்டார்.

"சரிம்மா. கதையில இருக்கிற ஒவ்வொரு வரியும் உன்னோடதுதானா? ஆமா, இல்லை, ஒண்ணு சொல்லு."

அங்கேதான் அக்கா பேசாமல் நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவள் நடுவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பார்த்தாயா என்ற மாதிரி மேனேஜர் சாய்ந்து உட்கார்ந்தார். கோப்பையை என்னிடம் தள்ளினார். அது கணக்குப் பிரிவில் ஒருவருக்குப் போனது. அக்காவின் செக்கிங் மேசையில் மட்டும் கைவைக்கவில்லை. சரக்கு அனுப்புகிற நேரத்தில் அவளை எடுத்தால் பெட்டி நகராது என்று சூப்பர்வைசர் காதில் சொல்லியிருப்பார். அந்த நோட்டீஸையும் மறுநாள் காணோம்.

அந்த மௌனம்தான் கம்பெனி கேட்டுக்குப் போய் அழுகையானது. சாப்பாட்டு நேரத்தில் அவள் மேசைக்குப் போய், காலில் விழுந்தது, மயங்கியது, வீட்டுக்காரர் வந்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆமா என்று ஏன் சொல்லவில்லை, இப்போது நானே உனக்காக எதைச் சொல்லட்டும் என்று கேட்டேன். அவள் ஒரு காலரைத் திருப்பிப் பார்த்தபடியே சொன்னாள்:

"அழவும் இல்ல, யார் கால்லயும் விழவும் இல்ல. மெஷின் எழுதவே இல்லன்னும் சொல்ல மாட்டேன். ஒரு வரி அதோடது. அந்த வானம் அழுத வரி. போட்டிக்குக் குடுக்கும்போது நான்தான் வேணும்னே சொருகி வெச்சேன், பரிசு குடுக்கிறவருக்குக் கண்ணு இருக்கான்னு பாக்க. ஜன்னலே இல்லாத ஹால்ல வானம் எங்கேர்ந்துண்ணே வந்துச்சு? மத்ததெல்லாம் என்னோடது, அதுல ஒண்ணுகூட எவன் கண்ணுலயும் படல. அந்தக் கெட்ட பீஸுக்குத்தான் கோப்பை குடுத்தான். போங்க, பஸ் ஸ்டாப்புல இதைச் சொல்லுங்க."