சொல்தா வீட்டு வாளும் என் புளியும்

எனக்கு வயது எழுபத்தெட்டு. வளர்த்தது ஐந்து பேர். பெற்றது நான்குதான், ஒன்று நாத்தனார் விட்டுப்போன பெண். ஆனால் ஐந்து என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு உதவட்டும் என்று இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி மலர் எழுதுகிறாள்.

1. சேர்ந்த நாள்

எழுபதுகளின் கடைசியில் போலகத்திலிருந்து காரைக்காலுக்கு வந்து ஒரு சொல்தா வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அந்த வீட்டில் ஐயாவை முசே என்றும் அம்மாவை மதாம் என்றும் கூப்பிட வேண்டும்.

மதாம் என்னைக் கேட்ட முதல் கேள்வி, எழுதப் படிக்கத் தெரியுமா என்பதுதான். எனக்கு முன்னால் இருந்தவளுக்குப் படிக்கத் தெரியாது. மதாம் எழுதி வைத்த சீட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கறியே தொடக்கூடாத தவக்கால வெள்ளிக்கிழமையில் கறிக்குழம்பு வைத்துவிட்டாளாம். அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

"தெரியுங்க," என்றேன்.

எனக்குத் தெரிந்தது இரண்டு. ஒன்று என் பெயர், இன்னொன்று பஸ் போர்டில் இருக்கும் போலகம். வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்தார், பிள்ளைகளுக்கு அடுப்பு எரிய வேண்டும். அதனால் பொய் சொன்னேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி என் திமிர்.

நல்லவேளையாக, மதாம் சீட்டு எழுதினாலும் எழுதியதை வாயாலும் இரண்டு தடவை சொல்வார். அப்படியே காலம் ஓடியது. துலக்குகிற வேலையில் என்னை அடிக்க ஆளில்லை. பித்தளைக்குப் புளி, பிடிவாதக் கறைக்குச் செங்கல் பொடி, கண்ணாடிக்குச் சாம்பல். கடல்காற்று அடிக்கிற ஊர், எதை விட்டாலும் உப்பு பூத்துவிடும். பூத்ததை விட்டுவைக்க மாட்டேன்.

2. பெயர் எழுதிக் கட்டிய சீட்டு

கூடத்தில் மரத் தாங்கியில் ஒரு ஜப்பான் வாள் படுத்திருக்கும். கறுத்துப் பளபளக்கிற உறை, நீலக் கயிறு சுற்றிய பிடி, பிடிக்குக் கீழே வட்டத் தகட்டில் ஒரு கொக்கு. சைகோனில் இருந்தபோது, சண்டையில் தோற்ற ஜப்பான் அதிகாரி ஒருவர் தன் கையால் முசேயிடம் கொடுத்ததாம். வருகிறவர்களுக்கெல்லாம் முசே இந்தக் கதையைச் சொல்வார். எனக்கே மனப்பாடம்.

எண்பதுகளில் ஒருநாள் மதாம் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தார், முசே கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் கூடம் கூட்ட வந்தபோது வாளின் பிடியில் மதாம் எழுதிய ஒரு சீட்டு கட்டியிருந்தது. வாயால் சொல்லத்தான் அவர் இல்லை. முதல் எழுத்துகள் என் பெயர். தையலு. அதற்குப் பிறகு என்னென்னவோ.

வேலைக்காரியின் பெயரை எழுதி ஒரு சாமானில் கட்டினால் என்ன அர்த்தம்? இதைத் துலக்கு என்றுதானே? நான் அப்படித்தான் படித்தேன்.

உறையிலிருந்து உருவினேன். வெட்டுகிற ஓரம் நெடுக, அலை அலையாக வெள்ளைக் கறை. இவ்வளவு நாளாக இதை விட்டுவைத்திருக்கிறோமே என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று. கொல்லைக்குக் கொண்டுபோய்த் துவைக்கிற கல்லில் கிடத்தி, புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். லேசில் போகவில்லை. விட்டேனா நான்? வெயில் தலைக்கு வருவதற்குள் ஒரு அலை பாக்கியில்லாமல் போக்கிவிட்டேன். பால் குடிக்கிற டம்ளர் மாதிரி ஆகிவிட்டது. எண்ணெய் தடவித் துடைத்து, உறையில் போட்டு, சீட்டையும் பழையபடி கட்டி வைத்தேன்.

3. பாண்டிச்சேரி விருந்தாளி

சாயங்காலம் முசேயைப் பார்க்க ஒரு பெரியவர் வந்தார். பழைய வாள்களைச் சேர்த்து வைக்கிறவராம், கையில் பூதக்கண்ணாடி. அவர் வரப்போவது எனக்குத் தெரியாது. காபித் தட்டோடு நின்றபோதுதான் பேச்சு காதில் விழுந்தது. ஜப்பான் வாளில் வெட்டுகிற ஓரத்தில் அலை மாதிரி ஒரு ரேகை ஓடுமாம். அதைப் பார்த்தால் வாள் அசலா நகலா, யார் அடித்தது என்றெல்லாம் சொல்லிவிடுவாராம்.

தட்டை மேசையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டேன்.

பெரியவர் உருவினார். வாளில் அவர் முகம்தான் தெரிந்தது. திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கமும் அவர் முகம்தான்.

"யாரும்மா இதத் தேய்ச்சது?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் வேலை இன்னார் செய்தது என்று தெரியாமல் போகக்கூடாதே.

"நான்தாங்க. கறை புடிச்சுக் கெடந்துச்சு. காலையிலேருந்து தேய்ச்சேங்க."

"எதப் போட்டு?"

"புளியும் செங்கப்பொடியும்ங்க."

பெரியவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். முசேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரேகை இல்லாம நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல," என்று வாளை உறையில் போட்டுவிட்டுக் காபியைக் குடித்தார். முசே அவருக்கு எதிரிலேயே என்னைத் திட்டினார். பிரெஞ்சில் திட்டியதால் பாதிதான் வலித்தது.

4. இரண்டு பொய்

அவரை அனுப்பிவிட்டு முசே என்னைக் கூப்பிட்டார். வேலை போயிற்று, கடைசிப் பஸ்ஸாவது கிடைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அந்தச் சீட்டை நீட்டினார்.

"இதப் படி தையலு."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "தையலு, இத நல்லா பளபளன்னு தேய்ச்சு வை," என்று விரலை ஓட்டிப் படித்தேன்.

முசே சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு அவரே படித்தார்.

"தையலு, இன்னிக்கி இதத் தொடாத. விருந்தாளி பாக்கணும்."

நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்குக் காலையில்தான் அதையும் நன்றாகத் துடைத்திருந்தேன்.

முசே கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"நெசமான வாளுன்னா ஒன் புளிக்கு அந்த ரேகை போயிருக்காது. இது சைகோன் கடைத்தெருவுல வாங்குனது. பூ ஜாடிக்குப் பக்கத்துல வச்சிருந்தான். மதாமுக்கே தெரியாது. அந்த ஆளு வர்றேன்னு எழுதுனதுலேருந்து எனக்குத் தூக்கமில்ல. நீ காப்பாத்திட்ட. மதாம் கேட்டா, சீட்டு காத்துல பறந்துடுச்சுன்னு சொல்லிடுறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் விரலைக் காட்டினார்.

"வாள் விஷயத்த நீ சொல்லாத. படிப்பு விஷயத்த நான் சொல்லல."

அவ்வளவுதான். மறுநாளும் வேலைக்குப் போனேன், அதற்கப்புறமும் பல வருஷம் போனேன். முசே கதையில் ஒரு வரி கூடிவிட்டது. "அசல் ரேகை இருந்துச்சு, எங்க தையலு தேய்ச்சிட்டா" என்பார். வந்தவர்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். நான் குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன். அதையும் நன்றாகவே செய்தேன். அந்தப் பெரியவர் உண்மை தெரிந்தேதான் விட்டுப்போனாரோ என்று மட்டும் சில நாள் தோன்றும்.

முசேயும் மதாமும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர் பாதியை அவர் கடைசிவரை காப்பாற்றினார். என் பாதியை இன்றைக்கு நானே உடைத்துவிட்டேன். ஐந்து பேரை வளர்த்தபோதும் படிக்கிற மாதிரி கையில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருப்பேன், எனக்குப் படிக்கத் தெரியாதென்று ஒருத்தருக்கும் தெரியாது. வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். படிக்கத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லா வீட்டிலும் வாள் பொய்யாக இருக்காது.

என்ன மலரு, பேனாவ வச்சுட்டுச் சிரிக்கிற? எழுதுனத மொதல்லேருந்து ஒருதரம் படி. என் பேரு வர்ற எடத்துல மட்டும் நிறுத்து. அத நானே படிச்சுக்குறேன்.