சுற்றிப் பார்க்க வந்தவர்

சலவைச் சோப்பைத் தேய்த்துக் காயவைத்த கம்பளிக் காலுறையின் நெடி எங்கள் வீட்டில் ஒரு வாரம் அடித்தது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன்; கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த அப்பா முதன்முறையாக இலங்கைக்குப் புறப்படுகிறார். முதன்முறை என்பது பாஸ்போர்ட்டின் கணக்கு. பிறந்து பன்னிரண்டு வயது வரை அவர் வளர்ந்த தோட்டம் அங்கேதான் இருந்தது. யார் எந்த நாட்டுக்காரர் என்று குடியுரிமைக் காகிதம் பிரித்துப்போட்டதில் குடும்பம் இங்கே வர, கட்டிக்கொடுத்த அக்கா மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். அந்த அத்தை படுத்த படுக்கையாகக் கிடப்பதாகக் கடிதம் வந்திருந்தது.

யோசனை சொல்லாத ஆளில்லை. ஒருமுறை அங்கே சுற்றுலா போய்வந்த மளிகைக் கடைக்காரர் எங்கள் வாசலிலேயே பாடம் எடுத்தார். "பருத்திச் சட்டை போதுமுங்க, தீவு பூரா வெயிலு. தண்ணியக் காய்ச்சிக் குடிங்க. அட்டை கடிக்கும், காலுறைல சோப்புத் தேச்சுக்குங்க." தேயிலைக் காட்டில் பிறந்தவருக்கே அட்டைப் பாடமா என்று அம்மா சிரித்தாள். அந்த மலையும் ஊட்டியைப் போலக் குளிரும் என்று தெரிந்த அப்பா ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்தார். கடைசியில் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க, எவன் கேட்டாலும் சுத்திப் பாக்க வந்தேன்னு மட்டும் சொல்லுங்க. பொறந்த ஊரு, அக்கான்னு ஆரம்பிச்சீங்கன்னா ஆயிரம் கேள்வி வரும்."

அந்த ஒரு வாக்கியத்தை அப்பாவுக்கு மனப்பாடம் செய்வித்தது நான்தான். அதிகாரி போல நாற்காலியில் உட்கார்ந்து, "எதுக்கு வந்தீங்க?" என்று அதட்டுவேன். அவர் "ஊருக்கு..." என்று தொடங்கிவிடுவார், தலையில் குட்டுவேன். நாலே நாளில், தூக்கத்தில் கேட்டாலும் சரியாகச் சொன்னார். எனக்கு அப்படியொரு பெருமை.

இலங்கையில், அத்தை இருந்த தோட்டத்து வாசலில் காவல்காரர் கேட்டபோதும் அதையேதான் சொல்லியிருக்கிறார். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் நோட்டில் ஏறின. சுற்றுலாப் பயணி என்று ஃபேக்டரிக்குள் கூட்டிப்போய், கோத்தகிரியில் தினமும் அவர் ஓட்டுகிற ரோலர் இயந்திரத்தையே அவருக்கு விளக்கிக் காட்டி, ஒரு கோப்பை "தேத்தண்ணி" கொடுத்து, வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். தொழிலாளர் குடியிருக்கும் "லயத்து"ப் பக்கம் வெளியாளுக்கு அனுமதியில்லையாம். பேச்சை மாற்றினால் பொய் சொன்னவனாகிவிடுவோமே என்று அப்பா பயந்துவிட்டார். காகிதத்தால் ஒருமுறை நாடு மாறியவருக்கு அந்தப் பயம் லேசில் போகாது. கொழுந்து பறித்து வந்த ஒரு பெண்ணிடம் அத்தைக்கான சேலையைக் கொடுத்தனுப்பினார். அவள் திரும்பி வந்து சொன்னாள்: "அக்காவுக்கு எழும்ப ஏலாதாம். உங்கள உள்ளுக்கு வரச் சொல்றா." கடைசி பஸ் வரும்வரை அவர் சாலையோரம் நின்றுகொண்டே இருந்தார். மறுநாள் திரும்பும் விமானம்.

அடுத்த மழைக்கு அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது யோசனை சொல்ல யாரும் வாசலுக்கு வருவதில்லை. எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறது. போன மாதம், அப்பாவை நானே கூட்டிப்போகலாம் என்று விசா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அங்கே தங்கப்போகும் முகவரி எது என்று ஒரு கட்டம் கேட்டது; அப்பாவிடம் கேட்டேன். அத்தையின் தோட்டம், டிவிசன், லயம், "காம்பரா" எனும் அறையின் எண் வரை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறவர் அவர். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"ஏதாச்சும் ஒரு ஓட்டல் பேரப் போடும்மா" என்றார்.