இரண்டு பாவுக்கு நடுவில் ஒரு வேன்

டூரிஸ்ட் வேன் ஓட்ட வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம், ஆரணியில் எதைக் காட்டலாம் என்பதுதான். கோட்டை, பூசிமலைக்குப்பம் அரண்மனை என்று நானும் சொல்வேன். எந்தத் தெருவில் காலையில் நுழையக் கூடாது என்று ஒருவனும் கேட்பதில்லை. எனக்கும் அது மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. செய்யாறில் கம்பெனி பஸ் ஓட்டிவிட்டு வேனுக்கு மாறிய புதிது.

அன்று வண்டியில் இரண்டே பேர். சென்னையில் டிராயிங் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவரும் அவர் மனைவியும். மாஸ்டருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. நேர் எதிரில் இருப்பது மட்டும் தெரியும். வெயில் ஏறினால் கண் கூசி அதுவும் போய்விடும். காட்டோரம் பாழடைந்து நிற்கும் அந்த அரண்மனையைப் பார்வை இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

சீக்கிரம் போகலாமென்று நெசவாளர் தெரு ஒன்றில் புகுந்தேன். எதிரே பாவு. தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். ரிவர்ஸ் எடுக்கக் கண்ணாடியைப் பார்த்தால், பின்னாலும் ஒருவர் பாவை விரித்துவிட்டார். வண்டி நிற்கத்தான் வந்தது என்று நினைத்தாராம். நல்ல மனுஷன்.

முன்னால் இருந்த பாவுக்காரப் பெண் கஸ்தூரியிடம் போனேன். "கொஞ்சம் ஜல்தியா சுத்தக் கூடாதாக்கா?"

"கஞ்சி காயாம சுத்துனா நூலு ஒட்டிக்கும்ணா. அப்புறம் மொத்தமும் பேஜாரு."

மாஸ்டரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "வெயில் வந்துட்டா இவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. மறுபடி எப்பக் கூட்டிட்டு வருவேன்?"

கஸ்தூரி ஒரு நிமிடம் மாஸ்டரைப் பார்த்தார். பிறகு கணவரிடம், "அந்த முனைக்கு ஒரு ஆட்டோவ வரச் சொல்லு" என்றார்.

பாவுக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம்தான். "பட்டு மேல இடிச்சிடுவேம்மா, பக்கவாட்டுல எனக்குத் தெரியாது" என்று மாஸ்டர் தயங்கினார்.

"அதான் இத்தினி பேரு நின்னுகினு இருக்கோமே. கையக் குடுங்க சார்."

கஸ்தூரி பிடித்த கையை அடுத்தவர் வாங்கினார், அவரிடமிருந்து அதற்கடுத்தவர். கஞ்சிக் கையோடு தெருவே அவரை நடத்திக்கொண்டு போனது. பாதி வழியில் மாஸ்டர் நின்று, நூலுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார்.

"மாம்பழக் கலரா?"

"ஆமாங்க சார். பார்டரு அரக்கு" என்றார் அங்கே நின்றவர்.

ஆட்டோ அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் இரண்டு பாவுக்கு நடுவில் டீ குடித்துக்கொண்டு கிடந்தேன்.

திரும்பி வந்ததும் மனைவி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "பாத்துட்டாருங்க. ஒவ்வொரு தூணா நின்னு பாத்தாரு."

ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தபோது மாஸ்டர் ஸ்பூன் கேட்டார். "கை கழுவிட்டுச் சாப்பிட்டா என்ன?" என்றார் மனைவி.

மாஸ்டர் வலது கையை விரித்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார். கஞ்சி காய்ந்து வெள்ளையாய் ஒட்டியிருந்தது. "அத்தனை பேரும் பிடிச்ச கை. கொஞ்ச நேரம் இருக்கட்டுமே."

நானே எழுந்து போய் ஒரு ஸ்பூன் வாங்கி வந்தேன்.

அதனால் பிள்ளைகளே, தெருவில் பாவு கிடந்தால் ஹாரன் அடிக்காதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, பாசஞ்சரை இறங்கச் சொல்லுங்கள்.